கண் உருளுத சத்தம்

என் கண்ணு உருளுத சத்தம் எனக்குக் கேட்டுது. இதைப் படிச்சதும் சிரிப்பு வரும், தெரியும். சிரிச்சுக்கிடுங்க. வேற ஒருத்தன் வந்து எங்கிட்ட இப்படிச் சொல்லியிருந்தா நானும், "சரிவே, வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்கும்"னுதான் சொல்லியிருப்பேன்.

அப்ப நான் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் ஓடுத ஒரு தனியார் பஸ்ல கண்டக்டர். பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாப் போற வண்டி. பி.காம். படிச்சிட்டு விசிலைத் தூக்கிட்டுத் திரியுதானேன்னு எங்க வீட்டு ஆட்களுக்கு என் மேல சடவு. எனக்கு ஒரு சடவும் கிடையாது. எனக்கு வாய் ஓயாது. அதுக்குப் பஸ்ஸை விடத் தோதான இடம் உண்டா? "உள்ள போங்க, உள்ள போங்க, படியில என்ன பந்தியா நடக்கு?"ன்னு கேட்டுக்கிட்டே போறதுல ஒரு சந்தோசம். ஏசினா பதிலுக்கு ஏசுவேன். எறங்கும்போது சிரிச்சிட்டுத்தான் எறங்குவாங்க.

ஒரு மத்தியானம் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுல வண்டி நிக்கு. இஞ்சின் அடங்கியாச்சு. பின் சீட்டுல உக்காந்து பேப்பர் படிக்கேன். வலது காதுக்குள்ள சரக், சரக்னு ஒரு சத்தம். மரத்துல உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்குத மாதிரி. எவனோ வண்டியைச் சுரண்டுதான்னு எட்டிப் பாத்தேன். ஒருத்தனும் இல்ல. மறுபடி படிச்சேன். மறுபடி சரக். வரி முடிஞ்சு கண்ணு அடுத்த வரிக்குத் திரும்புதப்பல்லாம் அந்தச் சத்தம். பேப்பரை மடிச்சு வச்சுட்டு, தலையை அசைக்காம கண்ணை மட்டும் இந்தப் பக்கம் ஓட்டினேன். சரக். அந்தப் பக்கம் ஓட்டினேன். சரக்.

டிரைவர் அண்ணன்கிட்டச் சொன்னேன். அவரு டீயைக் குடிச்சு முடிச்சிட்டு நிதானமா, "கண்ணுக்குக் கிரீஸ் அடிக்கணும்வே. சாயங்காலம் பேட்டையில பட்டறை தொறந்துதான் இருக்கும்"னாரு. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?

சிரிப்பு ரொம்ப நாள் ஓடலை. என் குரலே என் தலைக்குள்ள முழங்க ஆரம்பிச்சுது. "டிக்கெட், டிக்கெட்"னு சொன்னா, குடத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நானே எனக்கு அவயம் போட்டுக் கத்துத மாதிரி இருக்கும். முறுக்கைக் கடிச்சா மண்டைக்குள்ள அரிசி மில்லு ஓடும். நடந்தா குதிங்கால் தரையில படுதது காதுல வந்து இடிக்கும். பேசப் பேசத் தலை கனத்துப் போச்சு. அதனால பேச்சைக் குறைச்சேன். வாய் ஓயாதவன் வாயை மூடினா ஊரு என்ன நினைக்கும்? இவன் என்னமோ செஞ்சிருக்கான்னுதான் நினைக்கும்.

பிறகு வந்துது விசில் கதை. ஒரு விசில் அடிச்சா நிக்கணும், ரெண்டு அடிச்சா கிளம்பணும், அதுதான் எங்க பாஷை. வீரவநல்லூர்ல ஆளை ஏத்திட்டு ரெண்டு விசில் அடிச்சேன். அடிச்ச உடனே பஸ்ஸு அப்படியே ஒரு பக்கமாச் சாஞ்சுது. பஸ்ஸு சாயலை, எனக்குத்தான் சாஞ்சுது. கம்பியைப் பிடிக்கப் போன கை கம்பியில படாம, ஒரு அம்மாவோட தோள்ல போய் விழுந்தேன். அந்த அம்மா விட்டாங்களே பாருங்க ஒரு சத்தம்! "தண்ணியப் போட்டுட்டு வந்து மேல விழுதான், கேக்க நாதியில்லையா?"ன்னாங்க. முழு பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பாத்துது. வெக்கத்துல எனக்கு உசிரே போயிட்டு.

ஒரு தடவைன்னா பரவாயில்ல. விசில் அடிக்குதப்பல்லாம் சாஞ்சேன். எதிர்ல வார லாரிக்காரன் ஏர்ஹாரன் அடிச்சாலும் சாஞ்சேன். டிரைவர் அண்ணனே ஒரு நாள், "குடிக்கதுன்னா லீவு போட்டுட்டுக் குடியும்வே"ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. நான் அந்தச் சனியனை ஒரு நாளும் தொட்டதில்ல. கோயில் சத்தியம்னு சொல்லலாம்னா, குடிகாரன்தான் எடுத்ததுக்கெல்லாம் சத்தியம் பண்ணுவான். அதனால அதையும் சொல்லலை.

விஷயம் முதலாளி அண்ணாச்சி காதுக்குப் போச்சு. ஷெட்டுக்குக் கூப்பிட்டு விட்டாரு. நல்ல மனுசன், ஆனா நேரடியான ஆளு. பக்கத்துல வந்து, மூக்கை என் வாய்க்கிட்டக் கொண்டு வந்து, "நல்லா தம் கட்டி ஊதும்"னாரு. நமக்கென்ன பயம்னு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தம் கட்டி ஊதினேன். ஊதின வேகத்துல ஷெட்டு சுத்துச்சு. அண்ணாச்சியோட ரெண்டு தோளையும் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கேன். அவரு என்னைப் பைய விலக்கி ஸ்டூல்ல உக்கார வச்சாரு. மூக்கை ஒரு தடவை தேச்சுக்கிட்டாரு. "வாசமே வராத சரக்கு எங்கனவே கிடைக்கு?"ன்னாரு.

ஊதினா வாசம் இல்ல, ஆனா ஊதினதும் ஆடுதேன். குடிக்கலைன்னு காட்டுததுக்கு உலகத்துல இருக்குத ஒரே வழி ஊதிக் காட்டுததுதான். எனக்கு ஊதுததே குடிகாரன் வேஷத்தைக் கட்டி விட்டுருது. "உடம்பைச் சரி பண்ணிட்டு வாரும், அதுவரைக்கும் வண்டியில ஏறாதீரும்"னு அண்ணாச்சி சொல்லிட்டாரு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஓடுத பஸ்ல பொம்பளைங்க மேல விழுத கண்டக்டரை எவன் வச்சிருப்பான்?

வேலை போனதை விடப் பெரிய விஷயம் வீட்டுல இருந்துது. என் வீட்டுக்காரி பாளையங்கோட்டையில ஒரு நர்சரி பள்ளிக்கூடத்துல டீச்சர். பொண்ணு பாக்கப் போனப்ப அவ எங்கிட்டக் கேட்டது ஒரே கேள்விதான். "குடிப்பியளா?" இல்லைன்னேன். "எப்பவாவது ஆரம்பிச்சா நான் இருக்க மாட்டேன், அம்பாசமுத்திரத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்"னா. சும்மா பேச்சுக்குச் சொல்லுத ஆளு இல்ல அவ. இப்ப அவ போனா கூடவே எங்க மகளும் போயிருவா. மூணு வயசுப் பிள்ளை.

அண்ணாச்சி நிறுத்தினதைச் சொன்ன அன்னைக்கு, அடுப்பை அணைச்சிட்டு எனக்கு முன்னால வந்து நின்னா. "ஊதுங்க"ன்னா.

"ஏட்டி, உனக்குமா?"ன்னேன்.

"ஊதுங்க."

கோவம் வந்துட்டு. வந்த கோவத்துல அண்ணாச்சிக்கு ஊதினதை விட ரெண்டு மடங்கு வேகமா ஊதினேன். பீரோவைப் பிடிக்கப் போயி, அது மேல இருந்த டப்பா எல்லாம் சரிஞ்சு விழுந்துது. அவ மூக்கு என்னை நம்புது, கண்ணு நம்ப மாட்டேங்குது. பொறுக்கி எடுத்து அடுக்கிக்கிட்டே சொன்னா: "குடிக்கலைன்னா மாத்திரையா? ஏன் முன்ன மாதிரிப் பேச மாட்டேங்கிய? ஏன் என் முகத்தையே பாக்க மாட்டேங்கிய?"

பாத்தா கண்ணு சரக்னு சத்தம் போடும்ட்டி. பேசினா மண்டை முழங்கும். சொன்னேன். அவ அழுதா. எனக்கு இருந்த எரிச்சலுக்கு, நானும் அழுதிருக்கலாம். அப்படி ஒரு ஒழுங்கான உண்மையைச் சொல்லிட்டு, பொய் சொன்னவன் மாதிரி நிக்குதது இருக்கே, அது எதிரிக்கும் வரக் கூடாது.

டாக்டர்கிட்டப் போறதுன்னு முடிவாச்சு. "டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா நான் கிளம்பிருவேன்"னும் சொல்லிட்டா. அதாவது என் உடம்புல நோய் இருந்தாத்தான் எனக்குக் குடும்பம். வேண்டாத தெய்வமில்ல, "ஐயா, எனக்கு ஏதாவது ஒரு நோயைக் காட்டுங்க"ன்னு.

ஒருத்தர் பிரஷர் பாத்தாரு, சரியா இருந்துது. ஒருத்தர் கழுத்து எலும்பு தேய்மானம்னு பட்டை மாட்டி விட்டாரு. கண்ணு சத்தம் போடுதுன்னு சொன்னதும் ஒருத்தர் பேனாவைக் கீழ வச்சிட்டு, மனநல டாக்டருக்கு எழுதிக் குடுத்தாரு. சரி, கோட்டின்னு முடிவு பண்ணிட்டாங்க. குடிகாரன்ங்கிறதுக்குக் கோட்டி எவ்வளவோ மேல்னு போனேன்.

அந்த மனநல டாக்டர் வயசானவரு. நான் சொன்னதைக் குறுக்க பேசாம முழுசும் கேட்ட முதல் ஆளு அவருதான். கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "எந்தக் காதுல கேக்கு?"

"வலது காதுல மட்டும் சார்."

"இடதுல கேக்கவே கேக்காதா?"

"துளி கூடக் கேக்காது."

நாற்காலியில சாஞ்சாரு. "இல்லாத சத்தத்தை மனசு உண்டாக்கினா இப்படி ஒரே காதுல கண்ணோட சேந்து ஓடாதுய்யா. நீங்க வந்த இடம் இது இல்ல, காது டாக்டரைப் பாருங்க"ன்னு பாளையங்கோட்டையில ஒரு அம்மாவுக்குச் சீட்டு குடுத்தாரு. எனக்கு அந்தக் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும் போல இருந்துது.

காது டாக்டரம்மா நெட்டையும் இல்ல, குட்டையும் இல்ல. சிரிக்க மாட்டாங்க, ஆனா சிடுசிடுன்னும் இருக்க மாட்டாங்க. என் வீட்டுக்காரியும் கூட வந்திருந்தா. கதையைச் சொல்லி முடிச்சேன். "விசில் கையில இருக்கா?"ன்னாங்க. வேலை இல்லாட்டாலும் சட்டைப் பையில அது கிடக்கும், பழக்கம். எடுத்தேன். அவங்க நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிர்க்க உக்காந்து, முகத்துக்கு ரொம்பக் கிட்ட வந்து, "என் நெத்தியைப் பாத்துக்கிட்டே ஊதுங்க"ன்னாங்க.

ஊதினேன். அறை சாஞ்சுது. வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தவங்கள்ல ரெண்டு பேரு பையைத் தூக்கிட்டு எழுந்துட்டாங்களாம், நர்ஸ் பிறகு சொல்லிச் சிரிச்சாங்க. நான் மேசையைப் பிடிச்சிக்கிட்டு நிமிந்து பாத்தா, டாக்டரம்மா முகம் இன்னும் அங்கனயே இருக்கு. இத்தனை நாளா என் வாய்க்கிட்ட வந்த அத்தனை பேரும் மூக்கைத்தான் நீட்டினாங்க. இவங்க என் கண்ணைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"இன்னொரு தடவை"ன்னாங்க. ஊதினேன். என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "இங்கன வந்து நின்னு இவர் கண்ணைப் பாருங்கம்மா"ன்னாங்க. மூணாவது தடவை ஊதினேன். அவ வாயில கையை வச்சிக்கிட்டா. விசில் சத்தத்துக்கு என் ரெண்டு கண்ணும் தானா மேல ஏறி ஒரு பக்கமாச் சுழண்டுதாம். வேணும்னே அப்படிச் செய்ய எந்த மனுசனாலயும் முடியாதுன்னாங்க டாக்டரம்மா.

அதோட விடலை. பள்ளிக்கூட லேப்ல பாத்திருப்போமே, தட்டினா பாடுமே, அந்த இசைக்கவையை எடுத்தாங்க. தட்டி, என் காலைத் தூக்கச் சொல்லி, வலது கணுக்கால் எலும்புல வச்சாங்க. "கேக்கா?"

"கேக்கு."

"எங்கன கேக்கு?"

"வலது காதுல."

கால்ல வச்சது காதுல கேக்கு! அதே மாதிரி என் வீட்டுக்காரி கணுக்கால்லயும் வச்சுக் கேட்டாங்க. அவளுக்குக் கூச்சம்தான் வந்துது, சத்தம் வரலை.

டாக்டரம்மா ஒரு தாள்ல படம் போட்டுச் சொன்னாங்க. காதுக்கு உள்ள, ரொம்ப உள்ள, மூணு சின்ன வளையம் இருக்கு. நாம விழாம நிக்கதுக்கு அதுதான் காரணம். அதுல மேல இருக்குத வளையத்துக்கு எலும்புதான் கூரை. உங்களுக்கு அந்தக் கூரை தேஞ்சு திறந்து கிடக்கும்னு நினைக்கேன். அதனால வெளிச் சத்தம் போகக் கூடாத வழியில போயி உங்களைச் சாய்க்கு. தம் கட்டினாலும் சாய்க்கு. உடம்புக்குள்ள இருக்குத சத்தமெல்லாம் அந்த ஓட்டை வழியா உங்களுக்குப் பெருசாக் கேக்கு. அபூர்வமான கோளாறு, நானே கொஞ்சம் பேரைத்தான் பாத்திருக்கேன். ஸ்கேன் எடுத்துட்டு வாங்க.

எடுத்தோம். காது எலும்பை மட்டும் மெல்லிசா, அடுக்கடுக்கா எடுக்குத ஸ்கேன். ஓட்டை இருந்துது. கடுகளவு கூட இல்ல. அந்தக் கடுகுதான் என் மானத்தையும் வேலையையும் வாங்கி, கட்டினவளையும் பிரிக்கப் பாத்துருக்கு. நோய் இருக்குன்னு சொன்னதும் சிரிச்ச முதல் நோயாளி நானாத்தான் இருப்பேன்.

திரும்பும்போது டவுன் பஸ்ல சன்னல் ஓரம் அவ, பக்கத்துல நான். பாலம் வந்துது. ஆத்துல அமலைச்செடி ஒதுங்கிக் கிடந்துது, தண்ணி பைய ஓடிக்கிட்டு இருந்துது. அவ ஆத்தையே பாத்துக்கிட்டு, "அப்ப நீங்க குடிக்கவே இல்ல"ன்னா.

எனக்கு வந்துதே ஆத்திரம். "ஏட்டி, எலும்புல ஓட்டைன்னு படம் பிடிச்சுக் காட்டின பிறகா? ஒரு இசைக்கவையை நம்புவே, புருசனை நம்ப மாட்டே?" முன் சீட்டு ஆளு திரும்பிப் பாத்தாரு. என் குரல் மண்டைக்குள்ள முழங்குது, நான் நிறுத்தலை.

அவ சண்டைக்கு வரலை. மெதுவாச் சொன்னா. சின்னப் பிள்ளையில அவ அப்பா வீட்டுக்குள்ள நுழையுதப்ப, ஓடிப் போயிக் கழுத்தைக் கட்டிக்கிடுத மாதிரி வாயை மோந்து பாக்கணும். மோந்துட்டு அடுக்களையில அம்மாகிட்டப் போயிச் சொல்லணும். அது அவ வேலை. "எங்கப்பா ஒரு நாள் கூடக் குடிச்சேன்னு சொன்னதில்ல. சாகுத வரைக்கும் குடிக்கலைன்னுதான் சொன்னாவ. நீங்க சொன்ன அதே மாதிரிதான் சொன்னாவ"ன்னா. அதுக்கு மேல எனக்குக் கோவப்படத் தெம்பு இல்ல.

ஆப்பரேசன்னு வந்ததும் சண்டை வேற பக்கம் திரும்பிட்டு. காதுக்குப் பொறத்தால கீறி, எலும்பைத் துளைச்சு, அந்த வளையத்துக்குப் போயி, அதை உள்ளயே அடைக்கணும். என் எலும்புத் தூளையும் சதையையும் எடுத்தே அடைப்பாங்களாம். "டியூப் பஞ்சர் ஒட்டுத மாதிரியா டாக்டர்?"னு கேட்டேன். அப்பத்தான் அந்த அம்மா சிரிச்சுப் பாத்தேன். "ஆமா, ஆனா பஞ்சர் கடையில காது போகாது. இதுல போகலாம்"னாங்க. அந்தக் காதுல கேட்கும் திறன் குறையலாம், அபூர்வமா முழுசாவும் போகலாம். செய்யாமலும் இருக்கலாம், உயிருக்கு ஆபத்தில்ல, சத்தம் இல்லாத வேலையாப் பாத்துக்கணும். யோசிச்சுச் சொல்லுங்கன்னாங்க.

"வேண்டாம்"னா என் வீட்டுக்காரி. "அதான் நான் நம்புதேன்ல. பிறகு எதுக்கு மண்டையைத் துளைக்கணும்? அண்ணாச்சிகிட்டச் சொல்லி ஷெட்டுலயே ஒரு சோலி பாத்துக்கிடுங்க."

"நீ நம்பிட்டா என் கண்ணு சத்தம் போடாம இருக்குமா?"ன்னேன். வீட்டுக்குள்ளயே ரகசியம் பேசுத மாதிரிப் பேசிக்கிட்டுத் திரிய என்னால முடியலை. மக கதை சொல்லச் சொன்னா ரெண்டு வரியில முடிச்சுக்கிடுதேன். அவ முகத்தை நிமிந்து பாக்கதுக்கு முன்ன, சத்தம் வருமேன்னு யோசிக்கேன். இப்படியே முழுசாக் காது கேட்டுக்கிட்டு வாழுததை விட, ஒரு காது போனாலும் பேசிக்கிட்டு வாழுதேன்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்குத் துணிமணியை அவதான் எடுத்து வச்சா.

ஆப்பரேசன் எப்படி இருந்துதுன்னு கேட்டா எனக்கென்ன தெரியும்? மயக்கத்துல கிடந்தேன். முழிச்ச பிறகுதான் கஷ்டம். கட்டில் நாலு பக்கமும் சுத்துச்சு. வாந்தி எடுத்து எடுத்து வயித்துல ஒண்ணுமில்ல. உள்ள அந்த வளையம் புது நிலைமைக்குப் பழகணும், அதுவரைக்கும் இப்படித்தான், பயப்படாதீங்கன்னு டாக்டரம்மா வந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க. இடது பக்கமாவே படுத்துக் கிடந்தேன். இடது காது தலகாணியில அமுங்கிக் கிடக்கு, வலது காது மேல பெரிய கட்டு.

மறுநாள் மத்தியானம் சுத்து கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்துது. கண்ணைத் தொறந்தேன். எதிர்ச் சுவத்துல ஒரு காலண்டர். அங்கன இருந்து சன்னலுக்குப் பார்வையைக் கொண்டு போனேன். சத்தம் இல்ல. பயந்து பயந்து மறுபடி காலண்டருக்கு வந்தேன். சத்தம் இல்ல. சன்னல், காலண்டர், சன்னல், காலண்டர்னு கண்ணு வலிக்குத வரைக்கும் உருட்டினேன். ஒரு சத்தமும் இல்ல. கண்ணீர் மூக்குத்தண்டு வழியா இறங்கித் தலகாணியில விழுந்துது. துடைக்கக் கூடத் தோணலை.

அந்த நேரம் பாத்து அவ வந்தா. மகளை அவ அம்மாகிட்ட விட்டுட்டு வந்திருந்தா. நான் அழுதிருக்கதைப் பாத்துட்டா போல. வலியில அழுதேன்னு நினைச்சாளோ, வேற எதுக்குன்னு நினைச்சாளோ, எனக்குத் தெரியாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்குப் பின்னால உக்காந்தா. முகத்துக்கு நேரா உக்காந்தா சொல்ல வராதுன்னு இருந்திருக்கும். குனிஞ்சு, கட்டுப் போட்ட காதுக்கிட்ட வந்து, பேச ஆரம்பிச்சா.

மூச்சுக் காத்து கழுத்துல படுதது தெரியுது. பேச்சு மட்டும் வரலை. கட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு, அது அவளா, மேல ஓடுத ஃபேனான்னு கூடத் தெரியலை. தலையைத் தூக்கி இடது காதை விடுவிக்கலாம்னு பாத்தேன், அசைஞ்சதும் உலகம் சுத்துச்சு, விட்டுட்டேன். அவ பேசிக்கிட்டே இருந்தா. ஒரு கை என் தோள்ல இருந்துது. ஒரு சொட்டு வெந்நீர் மாதிரி என் கழுத்துல விழுந்துது. ரொம்ப நேரம் பேசினா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவ அவ்வளவு நீளமா எங்கிட்ட எதையும் சொன்னதில்ல.

பிறகு எழுந்து சுத்தி வந்து என் முகத்துக்கு நேரா குத்த வச்சு உக்காந்தா. மூக்கு சிவந்து போயிருந்துது. இந்தத் தடவை அவளை நான் நேரா, நல்லாப் பாத்தேன். "கேட்டுதா?"ன்னா, உதட்டுல தெரிஞ்சுது.

திரும்பச் சொல்லுன்னா சொல்ல அவளால முடியாது. அந்த முகத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுட்டு.

"எல்லாம் கேட்டுது"ன்னேன்.

அத்தனை மாசம் நான் உள்ளதைச் சொன்னப்ப நம்பாதவ, இதை மட்டும் அந்த நிமிசமே நம்பிட்டா.